முழங்கால் மூட்டைத் திறந்தால் உள்ளே கறுப்பு: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

எனக்கு வயது 54. போன வருஷம் இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வெறும் தேய்மானம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள், அதனால் நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. அப்புறம் ஒரு குரல்: "என்ன இது, மையைக் கொட்டின மாதிரி இருக்கே?"

மறுநாள் டாக்டர் தன் போனில் படம் காட்டினார். பளபளவென்று வெள்ளையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு, அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. அதிலிருந்து உடைந்த சில்லுகள் மூட்டின் உள்சவ்வில் குத்தி நின்றன. அவர் என் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்கள் சிறுநீரைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் கறுக்குமா?" என்றுதான் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் என் உள்ளாடைக் கறையை அம்மா சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அது இன்னும் கறுக்கும். திட்டிக்கொண்டே துவைப்பார். சோப்பின் காரம்தான் அதைக் கறுக்க வைக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தபோது ஹோமோஜென்டிசிக் அமிலம் ஏகத்துக்கும் இருந்தது. நோயின் பெயர் ஆல்காப்டோனூரியா. நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் உடையும் வழியில் இந்த அமிலம் எல்லோருக்கும் உண்டாகிறது. அதை மேற்கொண்டு உடைக்கும் நொதி என் உடம்பில் வேலை செய்யவில்லை, காரணம் ஹெச்ஜிடி என்ற மரபணுவில் உள்ள கோளாறு. பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தங்குகிற மிச்சம் வருஷக்கணக்கில் குருத்தெலும்பில் நிறமியாகப் படிந்து, அதை முறுகலாக்கி நொறுக்குகிறது. குழந்தையிலிருந்தே இருக்கிற கோளாறு, வலி மட்டும் 30 வயதைத் தாண்டித்தான் வருகிறது.

35 வயதில் எனக்கு முதுகுவலி. எக்ஸ்ரேயில் டிஸ்க் எல்லாம் சுண்ணாம்பு படிந்து தெரிந்தது. காது மடலில் நீலம் ஓடியிருந்தது. கண் வெள்ளையில் ஒரு பழுப்புப் புள்ளி. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டாக்டர் பார்த்தார். சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

—

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். ஒரு முறை பார்த்தால் மறக்காது. ஆனால் மூட்டுக்குள் நிறம் மாறியிருந்தாலே இந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முகப்பருவுக்கு மினோசைக்ளின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்ட ஒருவருக்கு எலும்பு கருநீலமாக இருந்தது, மேலே இருந்த குருத்தெலும்பு வெள்ளையாகவே இருந்தது. உங்களுக்கு நேர் எதிர். பழைய உலோக மூட்டு உரசிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி சதை வரும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் உள்ளவர்களுக்கு மூட்டுக்குள் அடிக்கடி ரத்தம் கசிந்து, சவ்வெல்லாம் துருப் பிடித்தாற்போல் இருக்கும், அது ரத்தத்திலிருந்து வந்த இரும்பு. வயதானவர்களுக்கு லேசான மஞ்சள் சகஜம், சர்க்கரை கொலாஜன் என்ற புரதத்தில் ஒட்டுவதால் வருவது.

—

என் மகனுக்கு 4 மாதத்தில் டயாபரில் கருஞ்சிவப்புக் கறை. ரத்தம் என்று பயந்து ஓடினோம். சோதனையில் ரத்தம் இல்லை. "அப்படியே விடுங்கள், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். வேறு ஒரு டாக்டர்தான் இதே நோய் என்று கண்டுபிடித்தார். என்னிடமும் என் கணவரிடமும் அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்திருக்கிறது, எங்களுக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. உங்கள் பதிவைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை, ஆனாலும் எழுதினதற்கு நன்றி.

—

லேபில் வேலை பார்க்கிறேன். சர்க்கரையைச் சோதிக்கும் பெனடிக்ட் கரைசலில் சூடாக்கினால் இந்தச் சிறுநீர் சர்க்கரை இருப்பது போலவே நிறம் மாறும். குளுக்கோஸ் பட்டையில் ஒன்றும் காட்டாது. எங்கள் சீனியர் அந்த முரண்பாட்டை விடாமல் பிடித்துத்தான் ஒருவருக்கு நோயைக் கண்டுபிடித்தார். இன்னொன்று: 1866-இல் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ இப்படிக் கறுப்பு படிவதற்கு ஓக்ரோனோசிஸ் என்று பெயர் வைத்தார். வெறும் கண்ணுக்குக் கறுப்பு, மைக்ராஸ்கோப்பில் காவி (ஓக்கர்) மஞ்சள், அதனால் அந்தப் பெயர். இந்த நோய் பரம்பரையாக வருகிறது என்று 1902-இல் ஆர்ச்சிபால்ட் கேராட் என்ற ஆங்கிலேய மருத்துவர் காட்டினார். பழங்கால எகிப்திய மம்மி ஒன்றிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

—

பதிவு போட்டவன் மறுபடியும். மருந்து பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நிட்டிசினோன் என்று ஒன்று இருக்கிறது, அந்த அமிலம் உண்டாவதையே வெகுவாகக் குறைக்கும். ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு 2020-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் ரத்தத்தில் டைரோசின் ஏறும், கருவிழியில் உறுத்தல் வரலாம், புரதத்தை அளந்து சாப்பிட வேண்டும், கண் பரிசோதனையும் தேவை. தேய்ந்த மூட்டை அது திருப்பித் தராது. குழந்தையின் அம்மாவுக்கு: உங்களுக்கு 4 மாதத்திலேயே தெரிந்துவிட்டது, எனக்கு ஐம்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. எலும்பு டாக்டரோடு மரபணு டாக்டரையும் பாருங்கள். இதய வால்வும் சிறுநீரகக் கல்லும்கூட இதில் கவனிக்க வேண்டியவை.

என் தம்பிக்கும் முதுகுவலி உண்டு. "எனக்கெல்லாம் ஒன்றும் இல்லை" என்று மாதக்கணக்கில் தட்டிக்கழித்தான். போன வாரம் சிறுநீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மூடாமல் ஜன்னலில் வைக்கச் சொன்னேன். காலையில் படம் அனுப்பினான். கீழே சாதாரண மஞ்சள். மேலே, காற்றுப் பட்ட இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு.