61 சிக்னி நட்சத்திரத்தோட ஆரம் கணக்குல தப்பா வருது, எங்க சறுக்குறேன்னு சொல்லுங்க

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா ஒரே கணக்குல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். அன்னம் மண்டலத்துல 61 சிக்னின்னு ஒரு மங்கலான நட்சத்திரம் இருக்குல்ல, நல்ல இருட்டுல வெறுங்கண்ணுக்கு ஒரே புள்ளியாத்தான் தெரியும், பைனாகுலரை ஆடாம பிடிச்சா ரெண்டா பிரியும், ரெண்டுமே ஆரஞ்சு. போன வாரம்தான் முதல் தடவையா பிரிச்சுப் பார்த்தேன், அப்பலேர்ந்து மனசு அதுலயே கெடக்கு. அதுல பெரிய நட்சத்திரம் ஏ, அதோட ஆரத்தை நானே போட்டு எடுக்கணும்னு உக்காந்தேன். மேக்னிட்யூட் (பிரகாச எண், சின்னதா இருந்தா பிரகாசம் அதிகம்) 5.21, தூரம் 11.4, வெப்பம் 4400 கெல்வின். தனி மேக்னிட்யூட் (எல்லா நட்சத்திரத்தையும் ஒரே தூரத்துல வெச்சுப் பார்த்தா வர்ற எண்) 4.93 வருது, சூரியனுக்கு 4.83, அப்ப ஒளி சூரியன்ல 0.91 பங்கு, அந்த ஒளியையும் வெப்பத்தையும் வெச்சு ஆரம் எடுத்தா சூரியனைப் போல 1.64 மடங்கு! ஆனா பார்த்த இடத்துலல்லாம் 0.67ன்னுதான் போட்டிருக்கு. ஃபார்முலாவை நாலு தடவை சரிபார்த்துட்டேன்.

பதில் 1:
ஃபார்முலா சரிதான், தூரம்தான் இடிக்குது. 11.4ங்கறது ஒளியாண்டு, தனி மேக்னிட்யூட் ஃபார்முலா கேக்குறது பார்செக், ஒரு பார்செக்னா 3.26 ஒளியாண்டு. அதனால 3.26ஆல வகுங்க. இல்லன்னா நேரா பாரலாக்ஸ்லேர்ந்தே (பூமி சூரியனைச் சுத்தறதால நட்சத்திரம் இடம் மாறித் தெரியற கோணம்) எடுங்க, அது 0.286 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்), ஒன்றை அதால வகுத்தா 3.5 பார்செக், முடிஞ்சுது. இந்த நட்சத்திரத்துக்கு அப்படி எடுக்கறதுதான் அழகும், ஏன்னா சூரியனைத் தவிர ஒரு நட்சத்திரத்தோட தூரத்தை நம்பகமா அளந்து சொன்னதே இதுக்குத்தான் முதல்ல, 1838ல ஜெர்மன் வானியலாளர் பெசல் செஞ்சார்.

பதில் 2:
மேக்னிட்யூடை 5.21ன்னு எடுத்தது நல்லதாப் போச்சு. வெறுங்கண்ணுக்கு ஏ, அதோட ஜோடி பி ரெண்டும் சேர்ந்து 4.8 மாதிரி தெரியும், நெறைய பேரு அதை எடுத்துப் போட்டுட்டு குழம்புவாங்க.

கேட்டவர்:
அடடா, ஒளியாண்டை அப்படியே போட்டிருக்கேன். இப்ப தனி மேக்னிட்யூட் 7.49, ஒளி 0.086 பங்கு. ஆனா ஆரம் 0.50தான் வருது, 0.67க்கு இன்னும் ரொம்ப தூரம். வெப்பத்தைக் கொஞ்சம் குறைச்சா ஒத்து வருது, ஆனா விடை வரணும்னு எண்ணை மாத்துறது மனசுக்கு ஒப்பல.

பதில் 3:
மாத்தாதீங்க, வெப்பம் சரியாத்தான் இருக்கு. நீங்க போட்ட 5.21 கண்ணுக்குத் தெரியற ஒளியை மட்டும் அளந்த எண், அதுவும் பச்சை மஞ்சள் பக்கம் 550 நானோமீட்டர் சுத்தி. சூரியனோட ஒளி உச்சம் 500கிட்ட இருக்கறதால அதுக்குப் பெருசா நஷ்டமில்ல. ஆனா 4400 கெல்வின்ல இருக்கற கே டைப் (ஆரஞ்சு நிற வகை) நட்சத்திரத்துக்கு உச்சமே 660ல, செக்கச் செவேல்னு சிவப்புல இருக்கு, மீதி ஒளியில பெரும்பங்கு அகச்சிவப்புக்குப் போயிடுது, அந்த ஒளியை நம்ம கண்ணும் பார்க்காது, அந்த மேக்னிட்யூடும் எண்ணாது. ஆனா ஆரத்துக்கான ஃபார்முலா மொத்த ஒளியையும் கேக்குது. அதுக்குத்தான் போலோமெட்ரிக் கரெக்ஷன். இந்த வெப்பத்துக்கு அது சுமாரா மைனஸ் 0.7. அப்ப 7.49 வந்து 6.79 ஆகுது. சூரியனுக்கும் 4.83 வேண்டாம், மொத்த ஒளிக்கான 4.74 போடுங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மறுபடி சறுக்கும். ஒளி 0.15 பங்கு வரும். போட்டுப் பாருங்க.

கேட்டவர்:
0.67! சத்தியமா கை நடுங்குது. நான் தொலைச்சது பாதிக்குக் கிட்ட ஒளியை, அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை.

பதில் 1:
வெப்பமே இல்லாம இன்னொரு வழியிலயும் சரிபார்க்கலாம். அமெரிக்காவுல மவுண்ட் வில்சன்ல இருக்கற சாராங்கற (CHARA) தொலைநோக்கிகளைச் சேர்த்து இந்த ஏ நட்சத்திரத்தோட வட்டத்தையே அளந்திருக்காங்க, 2008ல வெளிவந்துச்சு, கோண விட்டம் 1.775 மில்லி ஆர்க்செகண்ட். ஆர்க்செகண்டை பார்செக்கால பெருக்கினா நேரா வானியல் அலகுல (பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒரு அலகு) வந்துடும், 0.001775 பெருக்கல் 3.5, அதாவது 0.0062. சூரியனோட விட்டம் அதே அலகுல 0.0093. வகுங்க.

கேட்டவர்:
மறுபடியும் 0.67. இப்ப பி நட்சத்திரத்தையும் போட்டுட்டேன்: மேக்னிட்யூட் 6.05, வெப்பம் 4050, கரெக்ஷன் மைனஸ் 0.9, ஆரம் 0.59 வருது, சரியா?

பதில் 3:
சரி. அளந்து போட்டிருக்கறது 0.595.