லோகாயுக்தா 14ஆம் பிரிவு: கேரளம் செய்த திருத்தம் சரியா?

நெய்யாறு:
லோகாயுக்தா என்பது அமைச்சர், அதிகாரிகள் மீதான ஊழல் புகாரை விசாரிக்கும் மாநில அமைப்பு. 1999ஆம் ஆண்டுக் கேரள லோகாயுக்தா சட்டத்தின் பழைய 14ஆம் பிரிவில் ஒளிவுமறைவே இருக்கவில்லை. இன்ன அமைச்சர் பதவியில் நீடிக்கக் கூடாது என்று லோகாயுக்தா சொல்லிவிட்டால், முதல்வர் அதை ஏற்றே ஆக வேண்டியிருந்தது, அமைச்சர் விலகியே ஆக வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 9 அன்று அப்போது கேரள அமைச்சராக இருந்த கே.டி. ஜலீலுக்கு எதிராக அப்படித்தான் உத்தரவு வந்தது. சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தின் பொது மேலாளர் பதவிக்கு உறவினர் வருவதற்காகத் தகுதி விதியை மாற்ற வைத்தார் என்பது புகார். 13ஆம் தேதி ராஜினாமா செய்தார். மறு ஆண்டே அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அமைச்சர் மீதான உத்தரவை முதல்வர் ஏற்கலாம், தள்ளலாம். முதல்வர் மீதானது சட்டமன்றத்துக்குப் போகும்.

சட்டக்கோப்பு:
பல்லைப் பிடுங்கினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வரை இறக்கும் உத்தரவுக்கு அந்தச் சட்டத்தில் மேல்முறையீடே கிடையாது. பழைய பிரிவில் முதல்வர் மீதான உத்தரவு ஆளுநர் கைக்குத்தான் போகும். மாநில அரசும் ஆளுநரும் மோதிக்கொள்ளும் காலத்தில் இது எவ்வளவு ஆபத்து! மத்திய அளவில் ஊழலை விசாரிக்கும் அமைப்புக்கான 2013ஆம் ஆண்டு லோக்பால் சட்டத்தில்கூடப் பிரதமரை இறக்கும் அதிகாரம் இல்லை.

நெய்யாறு:
மேல்முறையீடு இல்லை, சரி. உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி இருக்கிறதே? ஜலீல் உயர் நீதிமன்றம் போனார், ஏப்ரல் 20 அன்று மனு தள்ளுபடியானது. குறை மேல்முறையீடு இல்லாததுதான் என்றால் அதற்கு ஒரு உட்பிரிவு சேர்த்திருக்கலாம். சட்டமன்றத்தை எதற்கு நீதிபதி ஆக்கினார்கள்? தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் ஆளுங்கட்சிக் கொறடா உத்தரவு போடலாம். அதை மீறி வாக்களிக்கும் எம்.எல்.ஏ.வின் பதவி, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி பறிபோகலாம். கோப்பைப் படித்து மனசாட்சிப்படி கை தூக்க யாருக்கு இடம் இருக்கிறது?

துங்கபத்ரா:
இருவரும் 14ஆம் பிரிவிலேயே நிற்கிறீர்கள். கர்நாடக லோகாயுக்தாவும் பரிந்துரைதான் செய்யும். ஆனால் 2011 ஜூலையில் பெல்லாரி சுரங்க முறைகேடு பற்றி அதன் அறிக்கை வந்த நாலு நாளில் முதல்வர் எடியூரப்பா விலகினார். அங்கே லோகாயுக்தாவுக்கு என்று தனிப் போலீஸ் இருந்தது. லஞ்சம் வாங்குபவரைப் பொறிவைத்துப் பிடிக்கும் அதிகாரம் அந்தப் போலீஸிடம் இருந்தது. 2016 மார்ச்சில் சித்தராமையா அரசு ஊழல் தடுப்புப் பணியகம் என்று தனியாக ஒன்றை உண்டாக்கி, அந்த அதிகாரத்தை அதற்கு மாற்றியது. 2022 ஆகஸ்ட் 11 அன்று உயர் நீதிமன்றம் பணியகத்தையே ரத்து செய்தது. கேரளத்தில் பொறிவைத்துப் பிடிக்கும் விஜிலன்ஸ் பிரிவு என்றைக்கும் அரசின் கீழ்தான்.

சட்டக்கோப்பு:
கொறடா விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு தீர்மானத்துக்குக் கொறடா உத்தரவு செல்லாது என்று மாநிலச் சட்டத்தில் எழுதவும் முடியாது, பத்தாவது அட்டவணை அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனாலும் ஆளுநரிடம் திரும்பக் கொடுப்பதை ஏற்க மாட்டேன். உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வுக்கு 30 நாளில் மேல்முறையீடு, அங்கேயும் உத்தரவு நின்றால் கட்டாய விலகல் என்று வைத்தால் சம்மதமா?

நெய்யாறு:
சம்மதம். ஆனால் அந்த 30 நாளும் அமைச்சர் அந்தத் துறைக் கோப்பு எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.