போன் தாமதமாக அடிக்கிறது, மெசேஜ் சத்தமும் நேரத்துக்கு வருவதில்லை – உதவி தேவை

தாழ்வாரம்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டு போன், வாங்கி மூன்று வருடம் ஆகிறது, இரண்டு சிம் போட்டிருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் அவர்கள் காதில் நாலைந்து முறை மணி அடித்த பிறகுதான் என் போனில் சத்தமே வருகிறது. எழுந்துபோய் எடுப்பதற்குள் கட் ஆகி வாய்ஸ் மெயிலுக்குப் போய்விடுகிறது. அப்பா தனியாக இருக்கிறார், எழுபத்தெட்டு வயது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். போன வாரம் இரவு தலை சுற்றுகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். என் போன் அரைகுறையாக அடித்து நின்றுவிட்டது. உடனே திருப்பிக் கூப்பிட்டேன், "அவ்வளவு நேரம் அடிச்சுதே, தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டார். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், போன் கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் இருந்தது. அவர் கேட்டது இன்னும் மனதை அறுக்கிறது. நல்லவேளையாக அன்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

மெசேஜும் அப்படித்தான். ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது, திரையைத் தொட்டதும் பதினைந்து இருபது அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

சத்தத்தை முழுதாக வைத்திருக்கிறேன், தொந்தரவு செய்யாதே அமைப்பு அணைந்துதான் இருக்கிறது, சிம்மைக் கழற்றி மாட்டியாயிற்று, ரீஸ்டார்ட் செய்தாயிற்று, அப்டேட்டும் போட்டாயிற்று. வேறு என்ன பார்க்க வேண்டும்?

அரைத்தூக்கம்:

எனக்கும் இப்படி இருந்தது. பேக்டரி ரீசெட் போட்டேன், சரியாகிவிட்டது. நேரத்தை வீணாக்காமல் அதைச் செய்துவிடுங்கள்.

கம்பிவடம்:

ரீசெட் இப்போதே வேண்டாம் சகோதரி. அது கடைசி வழி. காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதே செயலிகளை அதே அனுமதிகளோடு மறுபடி ஏற்றினால் பத்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிடும். பல வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன், தாமதமாக அடிக்கும் போன்களில் பாதிக்கு மேல் பழுதே இருக்காது, ஏதோ ஓர் அமைப்பு குறுக்கே நிற்கும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும்.

வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி உங்கள் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள், மூன்றாவதாக ஒன்றில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். உங்கள் போன் திரையை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள், கையில் வைத்து நோண்டிக்கொண்டே பார்த்தால் சோதனை சரியாக வராது. மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கூப்பிடுபவர் காதில் முதல் மணி எப்போது கேட்டது, உங்கள் திரை எப்போது எரிந்தது, சத்தம் எப்போது தெளிவாகக் கேட்டது. இரண்டு சிம்முக்கும் தனித்தனியாக.

ஏன் இந்த மூன்று என்றால், கூப்பிடுபவர் காதில் வரும் மணி சும்மா வருவதில்லை. உங்கள் போன் "அழைப்பு எனக்கு வந்து சேர்ந்துவிட்டது" என்று நெட்வொர்க்குக்குச் சொன்ன பிறகுதான் பெரும்பாலும் அந்த மணி ஆரம்பிக்கும். ஆகவே அவர் காதில் மணி அடிக்கும்போது உங்கள் திரை இருட்டாக இருந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்வதில் பயனில்லை, அழைப்பு உங்கள் போனுக்குள்தான் எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறது. மாறாக, அவர் காதில் வெகுநேரம் வெறும் அமைதியாக இருந்து அப்புறம் மணி வந்தால், உங்களைத் தேடிப் பிடிப்பதில் நெட்வொர்க் திணறுகிறது. அதில் ஒன்றிரண்டு நொடி இயல்புதான், சும்மா இருக்கும் போன் பேட்டரியை மிச்சப்படுத்தக் கண்ணை மூடி மூடித் திறந்துதான் தனக்கு அழைப்பு இருக்கிறதா என்று பார்க்கும். 4ஜியில் அந்த இடைவெளி 0.32 முதல் 2.56 நொடி வரை இருக்கலாம். திரை எரிந்தும் சத்தம் மட்டும் பிந்தினால் ரிங்டோன் பக்கம் பார்க்க வேண்டும்.

தாழ்வாரம்:

இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு மிக்க நன்றி அண்ணா. கணவர் போனிலிருந்து கூப்பிட்டு மூன்று தடவை பார்த்தோம், ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது.

முதல் சிம் (அப்பா கூப்பிடுவது இதில்தான்): 4வது நொடியில் அவர் காதில் மணி, 9வது நொடியில் திரை எரிந்தது, தெளிவான சத்தம் 14வது நொடியில். 24வது நொடியில் வாய்ஸ் மெயில்.

இரண்டாவது சிம்: அவர் காதில் மணி வரவே 10 நொடி ஆகிறது, அதுவரை ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் முதல் சிம் மாதிரியே.

கம்பிவடம்:

நல்லது, உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் 4க்கும் 9க்கும் நடுவே போன 5 நொடி. தெரியாத எண்ணுக்குப் பெயர் காட்டும் செயலி, ஸ்பேம் தடுக்கும் செயலி ஏதாவது வைத்திருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டில் அழைப்பு வந்ததும் மணி அடிப்பதற்கு முன்னால், "இதை விடலாமா, தடுக்கலாமா" என்று அந்தச் செயலியிடம் கேட்கும். பதில் சொல்ல அதற்குக் கொடுத்திருக்கும் கெடு 5 நொடி. இன்டர்நெட் மெதுவாக இருந்தாலோ, பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்திருந்தாலோ அது வாயைத் திறக்காது, கெடு முடிந்ததும் ஆண்ட்ராய்டு தானாகவே அழைப்பை உள்ளே விடும். உங்கள் கணக்கில் சரியாக 5 நொடி இருப்பதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

தாழ்வாரம்:

ஆமாம், அப்படி ஒரு செயலி வைத்திருக்கிறேன். ஆனால் அப்பா எண் என் தொடர்புகளில் இருக்கிறதே, தெரிந்த எண்ணை அது ஏன் சோதிக்க வேண்டும்?

கம்பிவடம்:

நியாயமான கேள்வி. தொடர்புகளில் இருக்கும் எண்களைச் சாதாரணமாக ஆண்ட்ராய்டு அந்தச் செயலியிடம் காட்டாது. ஆனால் அதை நிறுவும்போது "தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா" என்று கேட்டிருக்கும், நாமும் பழக்கத்தில் சரி என்று அமுக்கியிருப்போம். அந்த அனுமதி இருந்தால் வீட்டு ஆட்களின் அழைப்பும் அதன் வழியாகத்தான் வரும். அமைப்புகளில் செயலிகள், அதற்குள் இயல்புநிலைச் செயலிகள், அதில் அழைப்பாளர் ஐடி, ஸ்பேம் செயலி என்று ஒரு வரி இருக்கும்; அங்கே எதுவும் இல்லை என்று மாற்றுங்கள். அந்தச் செயலி கட்டாயம் வேண்டும் என்றால் தொடர்புகள் அனுமதியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் போன் செயலி என்ற வரியையும் பாருங்கள், அதிலும் அது உட்கார்ந்திருந்தால் போனோடு வந்த பழைய செயலிக்கே திருப்பிவிடுங்கள்.

நிலாமுற்றம்:

இடையில் ஒன்று. 9க்கும் 14க்கும் நடுவே இருப்பது, மணி படிப்படியாக உயரும் அமைப்பாக இருக்கலாம். என் போனில் "முதலில் அதிர்வு, பிறகு மெல்ல மணி" என்று அதிர்வு அமைப்புகளுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. மெத்தைமேல் வைத்தால் அந்த அதிர்வு காதில் விழவே விழாது. ஒலி அமைப்பிலும் போன் செயலிக்குள் இருக்கும் அமைப்புகளிலும் இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இது மாதிரி ஒன்று உண்டு: முகம் பார்த்துத் திறக்கும் மாடல்களில் நாம் திரையைப் பார்த்தவுடன் மணிச் சத்தம் தானாகக் குறையும், கவனம் அறியும் அம்சத்தை அணைத்தால் குறையாது. என் அம்மா ஒரு மாதம் ஸ்பீக்கர் போய்விட்டது என்றே நினைத்திருந்தார்.

தாழ்வாரம்:

இரண்டையும் செய்தேன். ஸ்பேம் செயலியை எடுத்ததும் திரை 5வது நொடியிலேயே எரிகிறது! இரண்டு மாதம் என்னைப் பாடாய்ப்படுத்தியது இந்த ஒரு அனுமதி என்று நினைக்கும்போது கோபமும் வருகிறது, நிம்மதியாகவும் இருக்கிறது.

படிப்படியாக உயரும் மணியும் போட்டுத்தான் இருந்தது, அணைத்துவிட்டேன். மற்றவர்கள் கூப்பிட்டால் இப்போது உடனே அடிக்கிறது. அப்பா கூப்பிட்டால் மட்டும், கணவர் எண்ணுக்கும் அதே ரிங்டோனை வைத்துப் பார்த்தேன், திரை எரிந்து நாலு நொடி கழித்துத்தான் சத்தம்.

கம்பிவடம்:

அப்பாவுக்குத் தனியாக என்ன ரிங்டோன் வைத்திருக்கிறீர்கள்? பாட்டுக் கோப்பாக இருந்தால் ஒரு தடவை ஹெட்செட் போட்டு ஆரம்பத்திலிருந்து கேளுங்கள். மெமரி கார்டில் இருந்தால் போனின் உள் நினைவகத்துக்கு மாற்றுங்கள்.

தாழ்வாரம்:

கண்டுபிடித்துவிட்டேன். அது பாட்டு இல்லை, என் மகள் நாலு வயதில் பேசியதைப் பதிவு செய்தது. "தாத்தா கூப்பிடுறாங்க, எடும்மா" என்பாள். ஹெட்செட்டில் கேட்டால் முதலில் என் புடவை உரசும் சத்தம், அவள் மூச்சை இழுக்கும் சத்தம், நான் மெல்ல "சொல்லு" என்பது, அதெல்லாம் போய்த்தான் அவள் பேசவே ஆரம்பிக்கிறாள். நாலு நொடி. ஸ்பீக்கரில் இது எதுவும் கேட்காது, போன் ஊமையாக இருப்பது போலத்தான் இருக்கும். முன்பக்கத்தை வெட்டிவிட்டுப் புதிதாக வைத்தேன். முழுப் பதிவையும் தனியாகப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், அதை அழிக்க மனம் வராது.

கம்பிவடம்:

மிக நல்லது. அப்பாவுக்கு வைப்பது எப்போதும் எடுத்த எடுப்பிலேயே சத்தமாக ஆரம்பிப்பதாக இருக்கட்டும்.

இனி அந்த 24வது நொடி. 4ல் ஆரம்பித்து 24ல் வாய்ஸ் மெயிலுக்குப் போகிறது, அதாவது 20 நொடி. எடுக்காத அழைப்பைத் திருப்பிவிடுவதற்கான நேரம் அது, 5 முதல் 30 வரை ஐந்தைந்தாக மாற்றலாம். டயலரில் *#61# அடித்துக் கூப்பிட்டால் எந்த எண்ணுக்குத் திரும்புகிறது என்று காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு **61* போட்டு, எண்ணைப் போட்டு, *11*30# என்று முடித்து அழையுங்கள். நடுவில் வரும் 11 குரல் அழைப்பைக் குறிக்கும், 30 நொடியைக் குறிக்கும். வாய்ஸ் மெயிலே வேண்டாம் என்றால் ##61#. உங்கள் நிறுவனம் இந்தக் குறியீட்டை ஏற்காவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது சிம்மில் வரும் 10 நொடி அமைதிக்கு வோல்டி (VoLTE, 4ஜி வழியாகவே பேசும் வசதி) அணைந்திருப்பதுதான் காரணமாக இருக்கும். வோல்டி இல்லாவிட்டால் 4ஜியில் இருக்கும் போன், அழைப்பு வந்ததும் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கித்தான் அதை வாங்க வேண்டும், அதற்குச் சில நொடிகள் போகும். சிம் அமைப்பில் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி சுவிட்ச், ஒன்றில் போட்டால் மற்றதில் தானாக விழாது.

தாழ்வாரம்:

ஆமாம், இரண்டாவதில் அணைந்துதான் இருந்தது. போட்டதும் 4 நொடிக்கு வந்துவிட்டது. மெசேஜ் பிரச்சினைக்கு மட்டும் வழி சொல்லிவிடுங்கள் அண்ணா.

நிலாமுற்றம்:

அது பேட்டரி சேமிப்பின் வேலை. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015லிருந்தே, திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்து தூங்கும், இடையிடையே விழித்துச் சேர்ந்ததை எல்லாம் மொத்தமாக வாங்கும். 2018ல் வந்த ஆண்ட்ராய்டு 9 இன்னும் ஒரு படி போய், அடிக்கடி திறக்காத செயலிகளைப் பின்வரிசைக்குத் தள்ளுகிறது. மெசேஜ் செயலியின் தகவல் பக்கத்தில் பேட்டரி என்பதற்குள் போய்க் கட்டுப்பாடு இல்லாதது என்று மாற்றுங்கள். டேட்டா சேமிப்பு போட்டிருந்தால் அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். அவசரமான ஒன்றிரண்டு செயலிகளுக்கு மட்டும் போதும், எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

இன்னொரு பழக்கம்: சில போன்களில் சமீபத்திய செயலிகளை எல்லாம் மேலே தள்ளி மூடினால், கட்டாயமாக நிறுத்தியதாகவே எடுத்துக்கொள்ளும், நாம் திறக்கும் வரை அதற்கு எந்த அறிவிப்பும் வராது. மெசேஜ் செயலியை அப்படி மூடாதீர்கள்.

அரைத்தூக்கம்:

அலுவலக வைஃபையில் மட்டும் அறிவிப்பு பிந்துகிறது என்றால் அங்கே 5228 போர்ட் (நெட்வொர்க்கில் தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) அடைபட்டிருக்கலாம், ஆண்ட்ராய்டு அறிவிப்புகள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். மொபைல் டேட்டாவுக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரீசெட் போடச் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது, மன்னிக்கவும். யோசித்தால் நானும் அப்போது ஒரு ஸ்பேம் செயலியை மறுபடி ஏற்றவே இல்லை.

தாழ்வாரம்:

மன்னிப்பெல்லாம் எதற்கு, நீங்கள் பதில் போட்டதே பெரிய உதவி. பேட்டரி அமைப்பை மாற்றினேன், நேற்று முழுவதும் மெசேஜ் வந்த நிமிடமே சத்தம் வந்தது. தூங்கும்போது தொந்தரவு செய்யாதே போட்டுக்கொள்ளலாமா, அப்பா அழைப்பு மட்டும் வர வேண்டும்?

கம்பிவடம்:

போடலாம். அப்பா பெயருக்கு நட்சத்திரக் குறி போட்டு, தொந்தரவு செய்யாதே அமைப்பில் நட்சத்திரமிட்ட தொடர்புகளின் அழைப்பை அனுமதியுங்கள். மீண்டும் அழைப்பவர் என்ற விருப்பத்தையும் போட்டுவையுங்கள், 15 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து இரண்டாவது முறை கூப்பிட்டால் அடிக்கும். ஐபோனில் அது 3 நிமிடம். அப்பாவிடமும் சொல்லிவையுங்கள், ஒரு தடவை எடுக்காவிட்டால் உடனே இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள்.

தாழ்வாரம்:

சொல்லிவிட்டேன். இன்று காலை அவரையே கூப்பிடச் சொல்லிச் சோதித்தேன். அவர் காதில் முதல் மணி விழுந்த மறுநொடியே மகள் குரல் கேட்டது, எடுத்தேன். "என்னம்மா, போனைக் கையிலேயே வச்சிருந்தியா?" என்றார்.

கம்பிவடம்:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. பெரிய அப்டேட் ஏதாவது வந்தால் மட்டும் பேட்டரி, இயல்புநிலைச் செயலி இரண்டு பக்கங்களையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், சில சமயம் பழையபடி மாறிவிடும்.