புதுப்பிப்பு: கூட்டு நிறுவலிலிருந்து எங்கள் தளம் தனியே வந்தது

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பின் தளத்தை, சில சங்கங்கள் பகிர்ந்துகொள்ளும் வேர்ட்பிரஸ் மல்டிசைட் (ஒரே மென்பொருளில் பல தளங்களை இயக்கும் முறை) நிறுவலிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது.

ஏற்றுமதிக் கோப்பில் பதிவுகள் வரும், விட்ஜெட்டுகளும் (பக்க ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டிகள்) அமைப்புகளும் வாரா என்பதால், தரவுத்தளத்தில் எங்கள் தள எண்ணான 7 ஐப் பெயரின் முன்னொட்டில் கொண்ட அட்டவணைகளை நேரடியாகவே எடுத்தேன். பயனர் அட்டவணை மட்டும் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானது. அதை முழுவதுமாக நகலெடுத்தால் பிற சங்கத்தாரின் மின்னஞ்சல் முகவரிகளும் உடன் வந்துவிடும் என்பதால், எங்கள் தளத்தில் உரிமை உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்தேன். இது முறையும்கூட.

இரண்டு நாள் என்னை அலைக்கழித்தது வேறொன்று. உள்நுழைய முடிந்தது, ஆனால் நிர்வாகப் பக்கம் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது. அட்டவணைகளின் பெயரிலிருந்து 7 ஐ நீக்கிய நான், அமைப்புகள் அட்டவணைக்குள் பயனர் பாத்திரங்களைக் குறிக்கும் வரியின் பெயரிலும், ஒவ்வொரு பயனரின் உரிமை வரியிலும் அதே எண் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. அவற்றை மாற்றியதும் கதவு திறந்தது.

படங்களைத் தள எண் கோப்புறையிலிருந்து பொதுப் பதிவேற்றக் கோப்புறைக்கு நகர்த்தி, பழைய முகவரிகளை டபிள்யூபி-சிஎல்ஐ என்ற வேர்ட்பிரஸ் கட்டளைவரிக் கருவியால் மாற்றினேன். சீரியலைஸ் செய்த தரவில் (பல மதிப்புகளை ஒரே வரியாகச் சேர்த்து எழுதிய தரவு) எழுத்துச்சரத்தின் நீளமும் பதிவாகியிருப்பதால், வெறும் எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) கட்டளையால் மாற்றினால் அது உடைந்துவிடும். பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 வழிமாற்று மட்டும் இன்னும் பாக்கி.