ஆச்சி வீட்டுக் குழு: சாரலுக்குள் வேன்

அம்மா: தென்காசியில் விடிந்ததிலிருந்து சாரல். புளியரையில் எப்படி? வேலைக்கு உட்கார்ந்துவிட்டாயா, வேனை வீடாக்குகிறேன் என்று அதற்குள்ளேயே கிடக்கிறாயா?

நான்: இங்கேயும் தூறல்தான் அம்மா. ஒன்பது மணிக்குத்தான் அலுவலகக் கூட்டம். அதற்குள் வேன் கூரைத் துளையின் ஓரத்துக்கு இரண்டாவது பூச்சு ப்ரைமர் கொடுத்துவிட்டேன். விசிறி பொருத்த நேற்று மாலை தகரம் அறுத்தோம். துகள் ஒட்டிக்கிடந்த இடங்களில் விடிவதற்குள் கடுகளவு செம்புள்ளிகள். இந்தக் காற்றில் இரும்பை ஓர் இரவுகூட வெறுமையாக விடக் கூடாது.

சித்தப்பா: துகளை எல்லாம் பிரஷ்ஷால் கூட்டித் தள்ளிவிட்டேன். மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறது. நீ நிம்மதியாக வேலையைப் பார்.

அண்ணன்: ஆவணி பிறந்ததும் அலுவலகம் உன்னைத் திரும்பக் கூப்பிட்டுவிடும். கட்டில், அலமாரி ஒன்றையும் காணோமே?

நான்: மரவேலையை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருக்கிறேன் அண்ணா. சாரலில் பிளைவுட் ஈரம் குடிக்கும், வார்னிஷ் பிசுபிசுப்பு போகாது. இப்போது அளந்து இறுக்கினால் வெயில் வந்ததும் சுருங்கி இடைவெளி விடும். மின்சார வேலைக்கு மழை தடையில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் டிரில் சத்தமும் கூடாது. அதனால் வார நாள் மாலையில் வயர் இழுப்பது, வயர் முனையில் இணைப்பியை நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் அடிப்பது போன்ற அரவமில்லாத வேலைகள் மட்டும்.

அத்தான்: பேட்டரி எவ்வளவு?

நான்: 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி, லித்தியம் இரும்பு பாஸ்பேட். முழுதாக 1,280 வாட் மணி. மடிக்கணினிக்கும் மோடத்துக்கும் சேர்த்து 70 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 560. இரவு விசிறிக்கு 30 வாட், எட்டு மணி நேரத்துக்கு 240. ஒரு நாள் வேலைக்கே 800 போய்விடுகிறது. மேகம் கவிந்த நாளில் சோலார் தகட்டை நம்ப முடியாது. அதனால்தான் வண்டி ஓடும்போதே பேட்டரி ஏற, 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வைக்கிறேன். இரண்டு மணி நேர ஓட்டத்தில் 750 வாட் மணிக்கு மேல் ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுவது வீண் என்று அண்ணன் சொல்கிறான். சுற்றினால்தான் திங்கட்கிழமை வேலைக்கு மின்சாரம்!

அத்தான்: கணக்கு சரி. ஆனால் இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் உன் வண்டியின் ஆல்டர்னேட்டர் அந்த 30 ஆம்பியரைக் கூடுதலாகத் தாங்குமா என்று முதலில் பார். வண்டியின் பேட்டரி, இந்தப் பேட்டரி இரண்டின் பக்கமும் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். நடு வழியில் வைத்தால் அதற்கு முன்னுள்ள வயருக்குக் காப்பு கிடையாது.

அம்மா: அடுப்பு? அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

நான்: சமையல் கேஸ் காற்றைவிடக் கனம் அம்மா, கசிந்தால் தரையில் தங்கும். சிலிண்டர் பெட்டியை மூடி, அடியில் வெளியே போகத் துவாரம் விடுகிறேன்.

பெரியம்மா: கண்ணு, புனலூருக்கு எப்போது வருகிறாய்? போன தடவை எங்கள் முற்றத்தில் வேனில் படுத்தாயே, குளிரவில்லையா?

நான்: குளிரவில்லை பெரியம்மா. விடியற்காலையில் கூரைத் தகரத்தின் உள்பக்கம் வரிசையாக நீர்த்துளி தொங்கியது, ஒன்று நெற்றியில் விழுந்துதான் கண் விழித்தேன். மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் படிந்த நீர் அது. கூரை விசிறியும், காற்று உள்ளே வரக் கீழே ஒரு திறப்பும் வேண்டும் என்று உங்கள் முற்றத்தில்தான் முடிவெடுத்தேன். கொட்டகையிலேயே நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது. இந்த ஞாயிறும் வருகிறேன். வழியில் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தடியில் நிற்க வேண்டும், மேலே ரயில் போவதைப் பார்க்க எனக்குத் தீராத ஆசை.

பெரியம்மா: 1904இல் போட்ட பாதை அது. மீட்டர் கேஜ் வண்டியில் செங்கோட்டைக்கு வரும்போது உன் அம்மா ஜன்னலை விட்டு நகரவே மாட்டாள். அகலப் பாதையாக்கி 2018இல் திரும்ப விட்டபோதுதான் எங்களுக்குப் பிறந்த வீடு பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. சாப்பாடு இங்கேதான்.

சித்தப்பா: ஆரியங்காவு மலைப்பாதையில் பனி மூடும். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பு, இருட்டுவதற்குள் திரும்பு. காட்டு ஓரத்தில் வண்டியைப் போட்டுத் தூங்குவது கூடவே கூடாது.

அத்தான்: இன்னொன்று. இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டால் பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைப் பற்றியதுதான். மரவேலை தொடங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு ஒப்புதல் வாங்கு. புளியரை சோதனைச் சாவடியில் கேட்டால் காட்டத் தாள் கையில் இருக்க வேண்டும்.

நான்: வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன் அத்தான். நீங்களும் கூட வர முடியுமா?

அத்தான்: வருகிறேன். பதிவுச் சான்றைப் படம் எடுத்து இப்போதே அனுப்பு. இருக்கை எண்ணிக்கை என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கிறேன்.

நான்: கூட்டம் தொடங்கிவிட்டது. மதியம் அனுப்புகிறேன்.