திம்புக்டு சுவடிகளுக்கு நன்கொடை: பணம் ஸ்கேனருக்கா, படிக்கிறவருக்கா?

இரவுவாசிப்பு:
மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் திம்புக்டு ஊரில் இருந்த, அரபு எழுத்தில் தாளில் எழுதிய பழைய சுவடிகளைப் பற்றி ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2012-இல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தபோது, அந்த ஊர் நூலகரான அப்தெல் காதர் ஹைதராவும் கூட இருந்தவர்களும் சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டி, ஜீப், நைஜர் ஆற்றுப் படகு என்று கிடைத்ததில் எல்லாம் ஏற்றித் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டுபோனதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை. மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் எங்கே பார்த்தாலும் இத்தனை ஆயிரம் பக்கம் ஸ்கேன் செய்தோம் என்றுதான் இருக்கிறது. அவற்றைப் படித்துப் பொருள் சொல்கிற அறிஞர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

பழையஏடு:
சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் சில வருடம் அரபு எழுத்துச் சுவடிகளுக்கு அட்டவணை போடும் வேலை, அதாவது என்ன நூல், யார் எழுதியது என்று படித்துப் பதிவு செய்யும் வேலை பார்த்தவன். திம்புக்டு சுவடிகளில் பெரும்பாலானவை தைக்காத உதிரித் தாள்கள், மேலே ஒரு தோல் உறை, அவ்வளவுதான். பக்க எண் இருக்காது. ஒரு தாளின் அடி ஓரத்தில் அடுத்த பக்கம் தொடங்கும் சொல்லைச் சின்னதாக எழுதி வைத்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் கலைந்த கட்டை வரிசைப்படுத்த முடியும். அந்த மூலையைக் கறையான் தின்றிருந்தால் வாக்கியத்தின் பொருளை வைத்துத்தான் தேட வேண்டும், ஒரு கட்டுக்கு ஒரு வாரம்கூடப் போய்விடும். எழுத்து அரபு, மொழி சோங்காய் அல்லது ஃபுல்ஃபுல்டே போன்ற ஆப்பிரிக்க மொழி என்று வரும் அஜமி சுவடிகள் இன்னும் கடினம்.

இன்னொன்று, 16-ஆம் நூற்றாண்டில் அங்கே பிரதி எடுத்த ஓர் அரபு அகராதியின் கடைசியில் எழுதியவருக்கு எவ்வளவு, பிழை பார்த்தவருக்கு எவ்வளவு என்று பொன்னில் கொடுத்த கூலி பதிவாகியிருக்கிறது. படித்துத் திருத்துவதும் கூலிக்குரிய வேலை என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அதே வேலையைப் பலர் ஆறு மாதத் திட்டம், அப்புறம் ஒரு வருட இடைவெளி என்று செய்கிறார்கள், அதற்குள் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். எனக்கும் அதுதான் நடந்தது.

மைக்கூடு:
இதில் எனக்கு உடன்பாடில்லை. 2013 ஜனவரியில் திம்புக்டுவின் அரசுச் சுவடி நூலகமான அகமது பாபா நிறுவனத்தில் சுமார் 4,000 சுவடிகள் எரிந்தோ காணாமலோ போயின என்கிறார்கள். படம் இருந்தால் நூறு வருடம் கழித்தாவது யாராவது படிப்பார்கள். முதலில் ஸ்கேன்.

பழையஏடு:
படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ன நூல், யார் எழுதியது என்று தெரியாத படத்தை யாரும் தேடி எடுக்க முடியாது. வரிசை கலைந்து ஸ்கேன் ஆனால் குழப்பமும் அப்படியே நிரந்தரமாகிவிடும்.

நீர்க்கரை:
பணம் கொடுக்கும் விதமும் முக்கியம். ஹைதரா ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலம் படிக்க ஃபோர்டு அறக்கட்டளை ஒதுக்கிய 12,000 டாலரைப் பெட்டி வாங்கவும் ஆள் வைக்கவும் திருப்பிக்கொள்ள அவர்கள் சம்மதித்தார்கள். அந்தச் சம்மதம் உடனே கிடைத்ததால்தான் வேலை தொடங்கியது. பெரிய நன்கொடைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. காப்பாற்றிய சுவடிகளின் கணக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல் என்று சொல்லப்படுகிறது, அந்த எண்ணை ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஏற்கவில்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எண் குறைந்தாலும் வேலையின் மதிப்பு குறையாது. பமாக்கோ போன பிறகு புதுத் தலைவலி, பாலைவன ஓரத்து வறண்ட காற்றில் கிடந்த தாள்களுக்கு அங்கே ஈரப்பதம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கும் ஹில் அருங்காட்சியகச் சுவடி நூலகம் மாலியில் சுவடிகளைப் படமெடுக்கக் கூட்டுச் சேர்ந்தது, அட்டவணையாளர்களையும் வைத்திருக்கிறது. மூலச்சுவடியை எடுத்துப்போவதில்லை, பதிவு செய்துகொண்டால் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டு, அட்டவணைப் பணிக்குத் தனி ஒதுக்கீடு உண்டா, அது எத்தனை வருடத்துக்கு, மாலி நாட்டு இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறீர்களா என்று கேளுங்கள். பதில் எழுதுகிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

இரவுவாசிப்பு:
எல்லோருக்கும் நன்றி. பழையஏடு, நீங்கள் அந்த வேலையை விட்டது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இன்றிரவே மின்னஞ்சல் எழுதுகிறேன், அட்டவணைப் பணிக்கென்றே குறிப்பிட்டுக் கொடுக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.