சனிக்கிழமைப் பொட்டலமும் திங்கட்கிழமை விடுப்பும்

வாட்ஸ்அப் குழு: செந்தூல் வீடு (கோலாலம்பூர்)

தம்பி (இரவு 8.12): அனைவருக்கும் ஸ்தோத்திரம். வருகிற சனிக்கிழமை இரவு எங்கள் வாலிபர் குழு, புடுவிலும் மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்திலும் கடை வாசல் நடைபாதையான ஐந்தடியில் படுத்திருப்பவர்களுக்கு 80 பொட்டலம் சோறு கொடுக்கப் போகிறது. ஒரு பொட்டலத்துக்கு 6 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. முடிந்தவர்கள் நாளைக்குள் அனுப்பிவிடுங்கள்.

கிள்ளான் அத்தை (8.20): பணம் அனுப்புகிறேன் தம்பி. ஆனால் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது, காலையில் கடையைத் திறக்கும் முன் பாதி தின்ற பொட்டலங்களைப் பொறுக்கி, கொட்டிய குழம்பைக் கழுவிவிட்டவள் நான். ஒரே இரவில் மூன்று கூட்டம் வரும். கொடுக்கும், படம் எடுக்கும், போய்விடும். உடம்பில் தெம்பு உள்ளவர்கள் உழைக்கக் கூடாதா என்று கேட்டால், அதற்குக் கல்நெஞ்சம் என்று பெயர் வைக்காதீர்கள்.

பெரியப்பா (8.31): தங்கச்சி, குப்பையைப் பற்றி நீ சொல்வது நியாயம். 2014-ல் லாட் 10 பேரங்காடியிலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உணவு வழங்கக் கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோதும், சோறு போடுவதால்தான் இவர்கள் தெருவிலேயே தங்கிவிடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. சோற்றை நிறுத்தியவுடன் கூரை முளைத்துவிடுமா என்றுதான் அன்றைக்கும் எனக்குத் தோன்றியது.

அண்ணி (8.44): மாமா, அத்தை, போன மாதம் தம்பியோடு நானும் போயிருந்தேன். தூணோரம் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்திருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க நம் தமிழர் ஒருவரிடம் பொட்டலத்தை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்தில் ஏற்கெனவே பிரிக்காமல் இருந்த இரண்டு பொட்டலங்களின் மேல் நேராக அடுக்கி வைத்துவிட்டு, "சாப்பாடு வந்துவிடுகிறது அம்மா, ஐ.சி. (அடையாள அட்டை)தான் வரமாட்டேன் என்கிறது" என்றார். காவலாளியாக இருந்தவராம். கால் வீங்கி இரவெல்லாம் நிற்க முடியாமல் போனதும் வேலை போயிற்று; வேலையோடு, தங்கியிருந்த அறையும் போயிற்று. தெருவுக்கு வந்த மூன்றாம் இரவே தலைமாட்டில் இருந்த பை களவு போய்விட்டது. அடையாள அட்டை இல்லாதவருக்கு எவரும் வேலை தருவதில்லை. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் என்றாலும், குடிமகன் என்று காட்டக் கையில் ஒன்றும் இல்லை. வீங்கிய கால் நுழையவில்லை என்று ரப்பர் செருப்பின் வாரை அறுத்துவிட்டு, ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தார், அத்தை.

தம்பி (8.47): அவர் ஏன் நேராக, அடையாள அட்டை தரும் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகவில்லை, அண்ணி?

அண்ணி (8.49): இலாகா என்றாலே பயப்படுகிறார். சீருடையைக் கண்டால் விரித்த அட்டைப்பெட்டியைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவாராம்.

பெரியப்பா (9.03): அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி, பிழைப்புக்கு வழியின்றிப் பொது இடத்தில் திரிபவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி நல இல்லத்துக்கு அனுப்பலாம். 3 ஆண்டுவரை அங்கே வைத்திருக்கவும் முடியும். பாதுகாப்புக்காக என்றுதான் சொல்வார்கள், ஆனால் வண்டியில் ஏற்றப்படுகிறவருக்கு அது அப்படியா தெரியும்? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டுவிட்டோம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதையே பேசிவிட்டு, சத்திரக்காரனிடம் அவன் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்ததை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அந்தக் காசு ஒன்று அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதோடு, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிப் போகிறான். நாம் 80 பேருக்குக் காயம் கட்டிவிட்டுத் திரும்பியே போகாதவர்களாக இருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம். இதில் தம்பியின் குழுவை மட்டும் குறை சொல்லவில்லை, ஓய்வு பெற்று வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிற என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிள்ளான் அத்தை (9.10): அண்ணே, பேசுவது எளிது. போலீஸ் புகார், பதிவு இலாகா, காலுக்கு மருத்துவமனை என்று ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். யார் நிற்பது?

(பன்னிரண்டு நிமிடம் குழுவில் ஒருவரும் எழுதவில்லை, நீலக்குறி மட்டும் எல்லோருக்கும் விழுந்திருந்தது.)

நான் (9.22): திங்கட்கிழமை நான் விடுப்பு எடுக்கிறேன். கார் என்னிடம் இருக்கிறது. அடையாள அட்டை களவு போனதென்று முதலில் போலீஸில் புகார் எழுதிவிட்டால், தொலைத்ததற்கான அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

பெரியப்பா (9.24): நானும் வருகிறேன். படிவம் நிரப்ப ஒரு பழைய வாத்தியார் உடனிருப்பது நல்லது.

தம்பி (9.26): அப்படியானால் சனிக்கிழமைக்கு 60 பொட்டலம் போதும். வேறு குழுக்கள் எந்த இரவில் வருகின்றன என்று கேட்டுக்கொள்கிறேன். குப்பைப் பைகளும் எடுத்துப் போகிறோம், அத்தை.

கிள்ளான் அத்தை (9.31): கைப்பேசி இல்லாத மனிதரைத் திங்கட்கிழமை எங்கே போய்த் தேடுவீர்கள்?

அண்ணி (9.33): தூண் எதுவென்று எனக்குத் தெரியும். கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்குவதற்குள், 7 மணிக்கு முன்பே போய்விட வேண்டும். சனிக்கிழமையே அவரிடம் சொல்லியும் வைக்கிறேன்.

கிள்ளான் அத்தை (9.40): கால் அளவையும் அன்றைக்கே பார்த்து வா. உன் மாமாவின் அகலச் செருப்பு ஒன்று இங்கே சும்மா கிடக்கிறது.